ஒன்றும் கேளாதது

மல்லாவிச் சந்தியில் போன் திருத்தும் சுயந்தன் சொன்னான்:
"அக்கா, இதில விளம்பரம் வராது.
பேர் கேக்காது, ஈமெயில் கேக்காது.
ஆனா வழமையான இடத்தில கிடையாது,
வெளியில இருந்துதான் ஏத்தோணும்."
வெளியில் என்றால் எங்கே என்றேன்.
திருகாணி ஒன்றைப் பல்லில் கடித்தபடி சிரித்தான்.

ஏன் கேட்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது.

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
மகள் ரியூசனுக்குப் போன நேரம் பார்த்துத் தேடினேன்:
தலைக்குள் இரும்புத் துண்டு இருந்தால்
எம்ஆர்ஐ எடுக்கலாமா.
ஒரு டொக்டர் நாலு நிமிடம் விளக்கினார்.
காந்தம் இழுக்குமாம்.
என்ன உலோகம் என்று தெரிய வேண்டுமாம்.
எனக்கெப்படித் தெரியும்,
எறிந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அவ்வளவுதான் பார்த்தது.
அன்றிரவு அபிசனா
தோசை சுடும் போட்டி பார்க்கப் போனைத் திறந்தாள்.
வரிசையாக வந்து நின்றன
கடற்கரை, தறப்பாள், புகை,
ஓடுகிற ஆட்கள்.
மேலே எழுதியிருந்தது: உங்களுக்காக.

அவளுக்குப் பதினொரு வயது.
"அம்மா, இது எங்கட இடமா?"
தோசை இருக்கும், கீழே தள்ளிப் பார் என்றேன்.
கீழேயும் அதுதான். அதற்குக் கீழேயும்.
நான் கேட்டது ஒரு கேள்வி.
அது நான் யாரென்றே முடிவெடுத்துவிட்டது.

முதலாவது ஆப்பை ஏற்றினேன்.
படம் காட்ட என் தொடர்பு எண்கள் எதற்கு?
மறுத்தேன்.
இருக்குமிடம்? மறுத்தேன்.
மைக்? நான் என்ன பாடவா போகிறேன்.
திரும்பவும் எண்கள் என்றது,
இப்போதுதான் வந்து கேட்பதுபோல.
அழித்தேன்.

இரண்டாவது நல்ல பிள்ளை மாதிரி,
நிறமும் இளம்பச்சை.
சாமத்தில் நான் தூங்கினேன், அது தூங்கவில்லை.
விடிய எழும்பிப் பார்த்தால்
நேற்றுப் போட்ட டேட்டாவில் பாதி இல்லை.
ஒரு படமும் பார்க்காத இரவில்
யாரோடு கதைத்தது?
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப்போல
பட்டரியைத் தொட்டுப் பார்த்த சுயந்தன்
"எடுத்துப் போடுங்கோ" என்றான்.

மூன்றாவது இதுதான்.
செய்தவர்கள் அதன் எழுத்து முழுவதையும்
விரித்து வைத்திருக்கிறார்களாம்,
விரும்பினால் யாரும் வாசிக்கலாமாம்.
நீ வாசித்தாயா என்றேன்.
"எனக்கு விளங்காதக்கா.
விளங்கிற ஆக்கள் உலகத்தில இருக்கினம்."
அந்தப் பதிலுக்காகவே ஏற்றினேன்,
செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து,
யாரோ அனுப்பிய லிங்கிலிருந்து இல்லை.

திறந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.
விரலை வைத்தபடி காத்திருந்தேன்.

எங்கள் படலைக்கு வந்த எல்லாரும் ஏதாவது கேட்டார்கள்.
குடும்ப அட்டை, எத்தனை பேர், ஆம்பிளைகள் எங்கே,
முந்தி எங்கே இருந்தீர்கள், அதற்கு முந்தி.
கேட்காமல் போனவர்கள் இரண்டே தடவை.
அவர்களுக்கு முதலே தெரிந்திருந்தது.

ஆகவே அந்த வெறும் வெள்ளைத் திரைக்குக்
கொஞ்சம் பயந்தேன்.
ஒரு கிழமை சோதித்தேன்.
காலையும் மாலையும் டேட்டா கணக்கெழுதினேன்,
சூடாகிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
வேண்டுமென்றே கண்டதையும் தேடினேன்:
மாட்டுக்கு மடிவீக்கம், கொரியாக்காரர் முடி வெட்டுவது,
கிணற்றுக்கு எவ்வளவு குளோரின்,
பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு
அந்தப் பழைய கேள்வி.
மூடினேன். திறந்தேன்.
வெள்ளை. தேடும் பெட்டி ஒன்று.
என்னை அது முன்பின் கண்டதில்லை.

நாளைக்கு மாறலாம்.
யாராவது வாங்கிவிட்டால்
இதுவும் கேட்கத் தொடங்கும் என்றான் சுயந்தன்,
அப்டேட் வரும்போது வாசித்துவிட்டு ஓம் சொல்லட்டாம்.
வாசிப்பேன்.

யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரியில் பதினெட்டாம் திகதி.
முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் மற்றதை யோசிப்பார்களாம்.
தோட்டைக் கழற்றச் சொல்வார்கள்.
போனை அபிசனாவின் கையில் கொடுத்துவிட்டு
உள்ளே போவேன்.

நேற்று யாரோ தோசைக்கல்லில்
மாவால் யானை வரைந்தார்கள்.
தும்பிக்கை கருகிவிட்டது, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.
நான் வெளியே வரும்வரை
அவளுக்கு யானையே வரட்டும்.